பிள்ளைகளுக்கு அழகு அறுவைச் சிகிச்சை: கையெழுத்துப் போடும் முன்…



நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கு வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. டயாலிசிஸ், இதய வால்வு, பிரசவச் செலவு, விபத்தில் முறிந்த கால். போன ஆண்டு வந்த ஒரு விண்ணப்பம் மட்டும் எங்களைத் திகைக்க வைத்தது. பதினேழு வயதுப் பெண் பிள்ளைக்கு மூக்கில் அறுவைச் சிகிச்சை. செலவு ஒன்றரை லட்சம். தாயார் வளையல்களை அடகு வைத்துப் பாதிப் பணத்தைத் திரட்டிவிட்டார். மீதியைக் கடனாகவாவது கொடுங்கள் என்று கேட்டு வந்திருந்தார்.

"மூச்சு விடச் சிரமமா? அடிபட்டதா?" என்று கேட்டோம்.

"அதெல்லாம் ஒன்றுமில்லை பாய். எங்கள் கண்ணுக்கு மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. கல்யாண வீட்டுக்கும் வருவதில்லை. மூக்கைச் சரிசெய்யாவிட்டால் செத்துப் போவேன் என்கிறாள்" என்று சொல்லி அழுதார்.

எங்கள் நிர்வாகக் குழுவில் மூன்று கருத்துகள் எழுந்தன. "அல்லாஹ் படைத்ததை மாற்றுவது ஹராம், விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்றார் ஒருவர். "பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது ஏழைப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது?" என்றார் இன்னொருவர். "பிள்ளை உயிர் போய்விடும் என்கிறாள், முதலில் அதைப் பாருங்கள்" என்றார் மூன்றாமவர். மூன்று பேரும் மனதறிந்துதான் பேசினார்கள். நாங்கள் முடிவைத் தள்ளிவைத்து, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் மருத்துவர்களிடமும் விசாரித்தோம். அப்படி அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

இப்படி ஒரு நோய் உண்டு

வயதுக்கு வரும் பருவத்தில் எல்லாப் பிள்ளைகளும் கண்ணாடி முன் நிற்பார்கள். பருவைக் கிள்ளுவார்கள், நிறத்தைப் பற்றி வருந்துவார்கள். அது இயல்பு. வயது ஏற ஏறக் குறைந்துவிடும்.

சில பிள்ளைகளுக்கு அது குறைவதில்லை. பிறர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது தெரிந்தாலும் பொருட்படுத்த முடியாத ஒரு சிறு குறை அவர்கள் மனதில் மலைபோல் வளர்ந்துவிடுகிறது. ஒரு நாளில் பல மணி நேரம் அதே நினைப்பு. கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், அல்லது கண்ணாடி இருக்கும் பக்கமே போக மாட்டார்கள். துப்பட்டாவாலும் முகக்கவசத்தாலும் மறைப்பார்கள். "என் மூக்கு பெரிதாக இருக்கிறதா?" என்று ஒரே கேள்வியை நாள் முழுவதும் கேட்பார்கள். இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் மனம் ஆறாது.

ஆங்கிலத்தில் இதை பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்கிறார்கள். நாம் எளிதாகத் தோற்றக் கவலை நோய் என்று சொல்லலாம். இது செல்போன் வந்த பிறகு முளைத்த நோய் அல்ல. 1891ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி இதை விவரித்து எழுதியிருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது தனி நோயாக இருக்கிறது. கதவைப் பூட்டினோமா என்று பத்து முறை திரும்பிப் போய்ப் பார்க்க வைக்கும் எண்ணச் சுழற்சி நோயின் இனத்தைச் சேர்ந்தது இது. நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இருக்கலாம் என்பது பல நாட்டு ஆய்வுகளின் கணக்கு. பெரும்பாலும் 18 வயதுக்கு முன்பே தொடங்குகிறது. 12, 13 வயதிலேயே தொடங்குவதும் மிகச் சாதாரணம்.

ஆண் பிள்ளைகளுக்கும் வரும். உடம்பு ஒல்லி, தசை போதவில்லை, முடி கொட்டுகிறது, தாடி அடர்த்தியாக இல்லை என்று அது வேறு உருவம் எடுக்கும். ஆண் பிள்ளை இதையெல்லாம் வாய் திறந்து சொல்வதில்லை என்பதால் வீட்டில் கவனிப்பதும் இல்லை.

கத்தி ஏன் இதைத் தீர்ப்பதில்லை

"பிள்ளை மூக்கைப் பார்த்து வருந்துகிறாள். மூக்கை மாற்றினால் வருத்தம் போய்விடும்." கேட்பதற்குச் சரியாகத்தான் தெரிகிறது. நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம்.

கோளாறு மூக்கில் இல்லை, மூக்கைப் பார்க்கும் மனதில் இருக்கிறது. பச்சைக் கண்ணாடி போட்டவருக்கு உப்பளத்தில் குவித்த உப்பும் பச்சையாகத்தான் தெரியும். உப்பை எத்தனை முறை அலசினாலும் நிறம் மாறாது. கண்ணாடியைத்தான் கழற்ற வேண்டும். இந்த நோய் உள்ளவர்களில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெரும்பாலோருக்கு நோய் குறையவில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சிலர் செய்த மூக்கு சரியில்லை என்று மறுபடியும் போகிறார்கள். சிலருக்குக் கவலை மூக்கிலிருந்து தாடைக்குத் தாவுகிறது. சிலருக்கு நோய் முன்பைவிட முற்றுகிறது. பணமும் போய், கடனும் ஏறி, பிள்ளை அதே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வளரும் வயது என்பதையும் மறக்கக் கூடாது. பெண் பிள்ளைகளுக்குப் பதினைந்து, பதினாறு வயது வரையும், ஆண் பிள்ளைகளுக்கு அதற்கும் மேலும் மூக்கும் தாடையும் வளர்ந்துகொண்டிருக்கும். பருவ வயது ஆண் பிள்ளைகள் சிலருக்கு மார்பு லேசாகப் பருக்கும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே வடிந்துவிடும். இன்று அசிங்கம் என்று அழும் பிள்ளை, நாலு வருடம் கழித்து அதை நினைத்தே பார்க்காமல் இருக்கலாம். ஆனால் அறுத்ததை ஒட்ட முடியாது.

மார்க்கம் என்ன சொல்கிறது

நாங்கள் ஃபத்வா கொடுப்பவர்கள் அல்ல. ஆலிம்களிடம் கேட்டு அறிந்ததை மட்டும் பகிர்கிறோம்.

நபித்தோழர் அர்ஃபஜா (ரலி) அவர்கள் இஸ்லாத்துக்கு முந்தைய காலத்தில் குலாப் என்ற போரில் மூக்கை இழந்தவர்கள். வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அதில் துர்நாற்றம் வந்தது. ஆண்களுக்குத் தங்கம் தடை செய்யப்பட்டிருந்தும், தங்கத்தில் மூக்குச் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. இழந்ததை மீட்பது, குறையைச் சரிசெய்வது தடுக்கப்பட்டதல்ல என்பதற்கு ஆலிம்கள் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். மறுபக்கம், அழகுக்காகவே பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவதையும், படைப்பை மாற்றுவதையும் கண்டிக்கும் நபிமொழியும் உண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே? இஸ்லாமிய நாடுகளின் அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடியபோது இதைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. பிறவிக் குறை, விபத்து, தீக்காயம், நோயால் வந்த குறை ஆகியவற்றைச் சரிசெய்யலாம். மனதுக்கோ உடலுக்கோ துன்பம் தரும் விகாரத்தையும் நீக்கலாம். குறை ஏதும் இல்லாமல் ஆசைக்காகவும், பிறரைப் போல ஆக வேண்டும் என்பதற்காகவும் செய்வது கூடாது. அதன் சாரம் இவ்வளவுதான்.

"மனதுக்குத் துன்பம்" என்ற இடத்தில்தான் நாங்கள் நின்றுவிட்டோம். அந்தப் பிள்ளை படுவதும் துன்பம்தானே? அப்படியானால் அனுமதி கிடைத்துவிடுமே?

ஹஜ்ரத் எங்களுக்கு விளக்கினார். அதே தீர்மானம் நிபந்தனைகளும் வைக்கிறது. சிகிச்சையால் பலன் வர வேண்டும். வரும் பலனைவிடக் கேடு பெரிதாக இருக்கக் கூடாது. உடலை அவ்வளவாகத் தொடாத வேறு சிகிச்சை வழி இல்லாமல் இருக்க வேண்டும். தோற்றக் கவலை நோயில் இந்த மூன்றுமே இடிக்கின்றன. கத்தியால் பலன் அரிது, கேடு அதிகம், கத்தியில்லாத வழியும் இருக்கிறது. பிள்ளையின் துன்பம் உண்மையானது. அதனால்தான் அந்தத் துன்பத்தைத் தீர்க்காத சிகிச்சையை அவளுக்குச் செய்யக் கூடாது. "ஹராம், போ" என்று விரட்டுவதும் தவறு, கையெழுத்துப் போட்டு அனுப்புவதும் தவறு என்று அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள்

இதைப் படித்துவிட்டு, உண்மையாகவே சிகிச்சை தேவைப்படும் பிள்ளையை யாரும் நிறுத்திவைத்துவிடக் கூடாது. உதடு பிளந்து பிறந்த குழந்தைக்கு முதல் ஆண்டிலேயே அறுவை செய்வது நல்லது. அண்ணப் பிளவு, வளைந்த பாதம் போன்றவற்றுக்கு மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் (2013 முதல்) பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். தீக்காயத்தால் கழுத்தோ விரலோ ஒட்டிப்போனதைப் பிரித்துவிடுவது, எலும்பு வளைந்து மூச்சு அடைப்பதைச் சரிசெய்வது, துருத்திய பல்லுக்குக் கம்பி கட்டுவது எல்லாம் அழகு ஆசை அல்ல. இவற்றுக்கு நமது அறக்கட்டளை உதவியிருக்கிறது, இனியும் உதவும், இன்ஷா அல்லாஹ்.

ஏழைக்கு அழகு கூடாதா?

குழுவில் இரண்டாமவர் கேட்ட கேள்வியை நாங்கள் தட்டிக் கழிக்கவில்லை. தமிழ்நாடே கேட்ட கேள்வி அது. 2018ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகுச் சிகிச்சையையும் இலவசமாகச் செய்யத் தொடங்கினார்கள். ஏழைகள் இதற்காகக் கடன் வாங்குவார்கள், அல்லது ஆபத்தான வழிகளைத் தேடுவார்கள் என்று அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் காரணம் சொன்னார். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று எதிர்ப்பும் வந்தது.

இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த விவாதம் தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வயதை அடைந்தவர்களுக்குப் பொருந்தும். நோய் பிடித்த மனதோடு இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் அந்த அறுவை நன்மை செய்யவில்லை என்றால், அதில் ஏழைப் பிள்ளைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவளுக்கு உண்மையில் மறுக்கப்படுவது மனநல சிகிச்சைதான். அறக்கட்டளைப் பணம் அமானிதம். அதைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஆபத்தும் சட்டமும்

மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எதுவும் சிறிய காரியம் அல்ல. 2016ல் சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சைக்குப் போன இளம் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவம் படித்தவருக்கே அந்தக் கதி. 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பிறகு கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் இறந்தார். வயது 21. அந்த ஆண்டு செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அழகு அறுவையையும் முடி நடுவதையும் முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்களே செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று அதில் சொல்ல வேண்டியிருந்தது.

வெளிநாடுகள் இன்னும் கவனமாக இருக்கின்றன. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அழகுக்காக போடாக்ஸ், ஃபில்லர் ஊசி போடுவதை இங்கிலாந்து 2021 அக்டோபர் முதல் குற்றமாக்கிவிட்டது. ஆஸ்திரேலிய மருத்துவ வாரியம் 2016ல் ஒரு விதி கொண்டுவந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர் பெரிய அழகு அறுவை கேட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், மனநிலையைப் பரிசோதிக்க வேண்டும். நம் நாட்டில் பிள்ளைக்கும் கத்திக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் பெற்றோரின் கையெழுத்து ஒன்றுதான். அதன் கனத்தை நாம் உணர வேண்டும்.

கத்திக்கு முன்னால் களிம்பு வருகிறது. அறுவைக்குப் பணம் இல்லாத வீட்டிலும் முகம் வெளுக்கும் களிம்பு இருக்கும். கேரளாவின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021க்கும் 2023க்கும் இடையில் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு பலர் வந்தார்கள். விசாரித்ததில் அவர்களில் பலர் முகவெளுப்புக் களிம்பு பூசியவர்கள். களிம்புகளில் பாதரசம் இருந்தது. நோயாளிகளில் 14 வயதுச் சிறுமியும் ஒருத்தி. தயாரித்தவர் பெயர், உரிம எண் இல்லாத களிம்பை, வெளிநாட்டிலிருந்து யார் அன்பளிப்பாகக் கொண்டுவந்தாலும், வீட்டில் வைக்காதீர்கள்.

விதை எங்கே விழுகிறது?

இந்த நோய்க்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. பிறவிக் கூறும் உண்டு, மூளையின் இயக்கமும் உண்டு. பெற்றோரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. ஆனால் கேலிக்கும் இதில் பங்கு உண்டு.

நமது பகுதியில் உப்பளத்தில் வெயிலிலேயே உழைத்தவர்களின் பிள்ளைகள் நாம். அப்படியிருந்தும் பெண் பார்த்துவிட்டு வந்து "எல்லாம் சரி, நிறம்தான் கொஞ்சம் கம்மி" என்று கூசாமல் சொல்கிறோம். மூக்கன், பல்லன், குண்டு, கருப்பி என்று சொந்தப் பிள்ளைக்கே பட்டப்பெயர் வைத்து, பாசம் என்கிறோம். அந்தப் பெண்ணின் தாயாரிடம் பேசியபோது, பெருநாளன்று உறவினர் ஒருவர் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் பிள்ளை மாறினாள் என்றார். சொன்னவருக்கு அது நினைவில்கூட இல்லை.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கால்கள் மிகவும் ஒல்லியானவை. அவர் மரத்தில் ஏறியபோது அதைப் பார்த்துத் தோழர்கள் சிரித்தார்கள். அந்தக் கால்கள் மறுமையின் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஸாஹிர் (ரலி) என்ற கிராமத்துத் தோழர் பார்ப்பதற்கு அழகற்றவர் என்று சொல்லப்பட்டவர். சந்தையில் அவரைப் பின்னாலிருந்து கட்டியணைத்து, அல்லாஹ்விடம் அவர் விலைமதிப்புள்ளவர் என்று சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்கள்தான். ஒருவரையொருவர் கேலி செய்வதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் குர்ஆன் ஹுஜுராத் அத்தியாயத்தில் தடுக்கிறது. முதலில் இதை நம் வீட்டில் நடைமுறைப்படுத்துவோம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

1. கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்: ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தோற்றத்தைப் பற்றிய நினைப்பு, பள்ளிக்கும் விசேஷங்களுக்கும் போகாமல் ஒதுங்குவது, கண்ணாடி முன் நீண்ட நேரம், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, தோலைப் பிய்ப்பது. இவை சேர்ந்து தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. "நீ அழகுதான், போ" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். திட்டாதீர்கள். "உனக்கு இது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று புரிகிறது. சேர்ந்து போய் டாக்டரைக் கேட்போம்" என்று சொல்லுங்கள்.

3. முதலில் மனநல மருத்துவர், பிறகுதான் அறுவை மருத்துவர். கிளியனூரிலிருந்து புதுச்சேரி போகும் பேருந்தில் ஏறினால் கோரிமேட்டில் ஜிப்மர் வாசலிலேயே இறங்கலாம். அங்கே மனநலப் பிரிவு உண்டு. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். பலன் தெரியச் சில மாதம் ஆகும். பாதியில் நிறுத்தாதீர்கள்.

4. "செத்துப் போவேன்" என்ற சொல்லை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416. இரவிலும் பகலிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

5. ஓதிப் பார்ப்பதும் துஆவும் நமக்கு பலம். அவை மருந்துக்கு எதிரி அல்ல. நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் நம் நபி (ஸல்) அவர்கள்தான். "மனநல டாக்டரிடம் போனால் நாளைக்குச் சம்பந்தம் வராது" என்ற அச்சம் பல பிள்ளைகளின் நோயை முற்ற விட்டிருக்கிறது.

6. 18 வயது நிறையும் முன் யாராவது அழகு அறுவைக்கு அவசரப்படுத்தினால், தள்ளுபடி தருகிறோம் என்றால், எழுந்து வந்துவிடுங்கள். நல்ல மருத்துவர் காத்திருக்கச் சொல்வார், சில சமயம் முடியாது என்றும் சொல்வார்.

அந்த விண்ணப்பத்துக்குக் கடைசியில் என்ன செய்தோம்? அறுவைக்குப் பணம் தரவில்லை. அடகு வைத்த வளையல்களை மீட்க உதவினோம். மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்துச் செலவையும் மாத்திரைச் செலவையும் ஏற்றுக்கொண்டோம். எங்கள் மகளிர் குழுச் சகோதரி ஒருவர் முதல் சில முறை துணைக்குப் போனார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். பிள்ளை இன்னும் சிகிச்சையில்தான் இருக்கிறாள். சில வாரங்கள் நன்றாக இருக்கிறாள், சில வாரங்கள் சரிகிறாள். ஆனால் இந்த ஆண்டு மறுபடியும் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். போன பெருநாளுக்குத் தொழுகை முடிந்து பெரியம்மா வீட்டுக்கும் போய்வந்தாள். முகத்தை மறைக்காமல் போனாள் என்று அவள் தாயார் எங்களிடம் வந்து சொன்னார், அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் தயங்காமல் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். பெயர் வெளியே போகாது. நம் பிள்ளைகளின் உள்ளத்துக்கும் உடலுக்கும் வல்ல அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. அவர்களைக் காயப்படுத்தாத நாவை நமக்கும் தருவானாக. ஆமீன்.